இலை உதிர்வது யார் செயல்?

மாசி பிறந்து பங்குனி முடிவதற்குள் மதுரையைச் சுற்றியுள்ள மரங்களில் பல மொட்டையாகி நிற்பதை நாம் வருஷந்தோறும் பார்க்கிறோம். அழகர்மலைச் சரிவும் நாகமலையும் பழுப்பேறிப் போகின்றன. சாலையோரத்து வாகை மரங்களில் இலை இல்லாமல் காய்ந்த நெற்றுக்கள் மாத்திரம் சலசலக்கின்றன. முள்ளிலவு ஓர் இலையுமின்றிச் செக்கச் செவேலென்று பூத்து நிற்கின்றது. அரசமரம் சில நாட்களுக்குள் தன் அடியெல்லாம் சருகாக்கிவிட்டு வெறுங்கிளையோடு நிற்கின்றது. இவ்வளவும் நடுத்தெருவில், எல்லோர் கண் முன்னும் நடக்கிற காரியம். ஆனால் இது ஏன் நடக்கிறது என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள், என்ன பதில் வருகிறதென்று!

ஒருவர், "காற்றடித்தது, விழுந்தது" என்பார். இன்னொருவர், "மரத்திலிருக்கிற சாமிக்கு ஏதோ குறை" என்பார். பக்தர், "எல்லாம் அவன் செயல்" என்று கையை மேலே காட்டுவார். பள்ளிக்கூடத்துப் பிள்ளையோ, "இது இலையுதிர் காலம், புத்தகத்தில் போட்டிருக்கிறது" என்று சொல்லும். நாலும் நாலு விதமாக இருந்தாலும் இவற்றில் ஒன்றுகூடப் பதில் அல்ல என்பது நமது அபிப்பிராயம். மரத்தைப் பார்க்காமலே சொல்லக்கூடிய பதில்கள் இவை. பார்க்காமலே சொல்லுகிற பதில் எதுவாயிருந்தாலும், அதைச் சொல்லுகிறவன் பாமரனானாலும் பண்டிதனானாலும், அது ஒப்புக்கொள்ளத் தக்கதல்ல.

"இதென்ன பெரிய விஷயமா? இலை விழுந்தால் விழுந்துவிட்டுப் போகட்டுமே" என்று சிலர் கருதலாம். கதாகாலட்சேபத்திற்குப் போய்ப் பார்த்தால் இதன் பெருமை தெரியும். அங்கே புராணிகர் உதிர்ந்த இலையைத்தான் உதாரணத்துக்கு எடுக்கிறார். "பழுத்த இலை விழுகிற நாளையும் ஈசன் எழுதிவைத்திருக்கிறான், அதுபோலவே உன் ஏழ்மையும், உன் பிள்ளையின் சாவும், உன் தாழ்வும் முன்னமே எழுதப்பட்டவை" என்கிறார். முன் வரிசையில் இருக்கிற பணக்காரர் சந்தோஷமாகத் தலையாட்டுகிறார். பின் வரிசையில் இருக்கிற கூலிக்காரனும், கூலி பாக்கியை மறந்து தலையாட்டுகிறான். ஆகவே, இலை உண்மையில் எதனால் விழுகிறது என்று பார்ப்பது நமக்கு அவசியமான வேலையேயாகும்.

முதலில் காற்றை எடுத்துக்கொள்ளுவோம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நம்மவர் பழமொழி. அம்மி பறக்கிற அந்த ஆடியில் அரசமரம் மொட்டையாகிறதா? இல்லையே! பச்சை இலைகள் அத்தனையும் காம்பு பிடிவிடாமல் ஆடிக்கொண்டுதான் இருக்கின்றன. பங்குனியிலோ, ஒரு துளிக் காற்றும் இல்லாத உச்சிவேளையிலும் இலை தானாகக் கழன்று விழுகிறது. ஆகையால் காற்று, கழலத் தயாராக இருக்கிற இலையைத் தள்ளுகிறதேயொழிய, இலையைக் கழற்றுகிறதில்லை. கழற்றுகிறது வேறு ஒன்று.

அது எது என்பதற்கு, ஒடிந்த கிளை ஒன்று சாட்சி சொல்லும். புயலிலோ, வண்டி மோதியோ ஒடிந்து, பட்டை நாரில் தொங்குகிற மாங்கிளையைப் பாருங்கள். அதன் இலைகள் காய்ந்து, கருகி, சுருண்டு போகின்றன. ஆனால் விழுகின்றனவா? வாரக்கணக்கில் கிளையைப் பிடித்துக்கொண்டே தொங்குகின்றன. செத்த கிளையில் செத்த இலை ஒட்டிக்கொண்டிருக்கிறது. உயிருள்ள கிளையிலிருந்துதான் இலை சுத்தமாகக் கழன்று விழுகிறது. இதிலிருந்து என்ன தெரிகிறது? இலையை உதிர்ப்பது உயிருள்ள மரம் செய்கிற ஒரு வேலை என்று தெரிகிறது. சாவினால் இலை விழுவதாயிருந்தால் செத்த கிளையல்லவா முதலில் மொட்டையாக வேண்டும்?

மரம் இந்த வேலையைச் செய்கிற விதமும் இன்று ஒளிவுமறைவில்லாமல் தெரிந்ததே. இலைக்காம்பு கிளையோடு சேருகிற இடத்தில் மெல்லிய அறைகளாலான ஓர் அடுக்கு இருக்கிறது. இலை நன்றாக வேலை செய்கிற வரையில், ஆக்சின் என்கிற ஒரு பொருள் இலையிலிருந்து காம்பு வழியாக இறங்கிக்கொண்டே இருக்கும். அது இறங்குகிற மட்டும் அந்த மூட்டு உறுதியாக இருக்கும். இலை முதிர்ந்தோ, தண்ணீர்த் தட்டினாலோ அந்த வரத்துக் குறையும்போது, எத்திலீன் என்கிற வாயு கைமேலாகி, மூட்டிலுள்ள அறைகளின் சுவர்களை இளக்கிவிடுகிறது. இலை தன் பாரத்தினாலேயே கழன்றுவிடும். கழன்ற இடத்தில் தக்கை போன்ற ஒரு மூடி உண்டாகி, நீர் கசியாமலும் பூஞ்சை நுழையாமலும் அடைத்துக்கொள்ளுகிறது. கிளையிலே நாம் பார்க்கிற தழும்பு அதுதான்.

நாம் சொல்லுவதையும் அப்படியே நம்ப வேண்டாம். உங்கள் புஞ்சையில் பருத்தி இருக்குமானால், ஒரு செடியில் இலைப்பரப்பை மட்டும் கத்தரித்துவிட்டுக் காம்பை விட்டுவையுங்கள். சில நாட்களில் அந்தக் காம்பு, தொடாமலே மூட்டில் கழன்று விழும். இலை போனதால் ஆக்சின் வரத்து நின்றது. வரத்து நின்றதால் மூட்டு இளகியது. இதற்கு நல்ல நாள் பார்க்க வேண்டியதில்லை, மந்திரம் ஜபிக்க வேண்டியதில்லை. எந்த ஜாதிக்காரன் கத்தரித்தாலும் காம்பு விழும்.

சரி, மரம் ஏன் இப்படிச் செய்கிறது? இது முழுக்க வரவு செலவுக் கணக்கு. வேர் உறிஞ்சுகிற தண்ணீரில் 100-க்கு 90 பங்குக்கு மேல் இலையிலுள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாக ஆவியாகப் போய்விடுகிறது. ஓர் இலைக்கொத்தை நண்பகலில் கண்ணாடிப் பையில் கட்டிவைத்தால், சற்று நேரத்தில் பைக்குள் நீர் முத்து முத்தாகக் கோத்திருப்பதைப் பார்க்கலாம். மழைக் காலத்தில் இந்தச் செலவு தாங்கும். மதுரையில் வருஷத்தில் பெய்கிற மழை ஏறக்குறைய 85 சென்டிமீட்டர். அதில் ஏறத்தாழப் பாதி ஐப்பசியை ஒட்டிய மூன்று மாதங்களில் பெய்து தீர்ந்துவிடுகிறது. தை முதல் பங்குனி வரையில் வரவு அநேகமாகச் சூனியம். வெயிலோ நாளுக்கு நாள் ஏறுகிறது. வரவு நின்ற வீட்டில் செலவைக் குறைப்பவன் பிழைக்கிறான். மரமும் அதைத்தான் செய்கிறது.

அதிலும் மரத்தின் சிக்கனத்தைப் பாருங்கள். இலையை அப்படியே எறிந்துவிடுவதில்லை. வீட்டைக் காலி செய்கிறவன் சட்டி பானைகளை எடுத்துக்கொண்டு சுவரை மட்டும் விட்டுப் போவதுபோல, இலையிலுள்ள தழைச்சத்திலும் மணிச்சத்திலும் பல மரங்கள் ஏறத்தாழப் பாதியைத் திருப்பி உள்ளே இழுத்துக்கொள்ளுகின்றன. பச்சையம் சிதைந்து போகவே, முன்பே அடியில் இருந்த மஞ்சள் நிறம் வெளியே தெரிகிறது. இலை பழுத்தது என்று நாம் சொல்லுவது இதைத்தான். தண்ணீரை மிச்சம் பிடித்த பல மரங்கள், கோடை மழை விழுவதற்கு முன்பே, சித்திரை வெயிலிலேயே தளிர்த்து நிற்கின்றன. வேம்பும் அரசும் அந்த வெயிலில் பளபளக்கிற அதிசயம் அம்மன் அருளால் வந்ததல்ல. பங்குனியில் பிடித்த சிக்கனமும், ஆழத்தில் இறங்கிய வேருமே அதற்குக் காரணம்.

எல்லா மரமும் ஒரே மாதிரி செய்வதுமில்லை. புளியமரம் ஒரேயடியாக மொட்டையாகாமல், பழையதைச் சிறுகச் சிறுகக் கழித்துப் புதியதை விட்டுக்கொண்டே இருக்கும். பனையின் மட்டையிலோ கழலுகிற மூட்டே கிடையாது. ஆகவே காவோலை காய்ந்து நெடுநாள் தொங்கிக்கொண்டேயிருக்கும். ஒரே கடவுள் ஒரே கட்டளையாக இலையை உதிர்க்கிறாரென்றால், பனைக்கு மாத்திரம் அந்தக் கட்டளை ஏன் போய்ச் சேரவில்லை?

இனி, பிள்ளை படிக்கிற புத்தகத்துக்கு வருவோம். வசந்தம், கோடை, இலையுதிர் காலம், குளிர்காலம் என்று நான்கு பருவங்களை அதில் போட்டிருக்கிறார்கள். இது ஐரோப்பியருடைய கணக்கு. அங்கே செப்டம்பர் முதல் நவம்பர் வரையில் பகல் குறுகுகிறது, வெயில் மங்குகிறது, அடுத்து நிலத்திலுள்ள தண்ணீரே உறைந்துபோகும் குளிர் வருகிறது. வேருக்குத் தண்ணீர் கிடைக்காத அந்தக் காலத்துக்கு முன்னேற்பாடாக மரங்கள் இலையைக் கழிக்கின்றன. நமக்கோ அந்த மாதங்கள் புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை. மழை பெய்து மரமெல்லாம் பச்சையாக நிற்கிற காலம்! கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று தமிழர் வகுத்த ஆறு பருவங்களில் இலையுதிர் காலம் என்று ஒன்று இல்லவே இல்லை. நமது மரங்கள் உதிர்ப்பது பின்பனியில். காரணம் இரண்டு இடத்திலும் ஒன்றே, தண்ணீர் முடைதான். அங்கே அதற்குக் குளிர் காரணம், இங்கே வறட்சி காரணம். வடமொழி ஏட்டிலிருக்கிறது என்று ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்புக்கொள்ளுவது எப்படித் தப்போ, அப்படியே சீமைப் புத்தகத்திலிருக்கிறது என்று வாசலிலுள்ள மரத்தைப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளுவதும் தப்புத்தான்.

விதிக்காரருக்கும் ஒரு வார்த்தை. குளிர் நாட்டு மரங்கள் பல பகல் குறுகுவதைக் கொண்டு காலத்தை அறிகின்றன. 1936-ல் நியூயார்க் நகரத்தில் மாட்ஸ்கி என்ற தாவர நூலார் ஒரு விஷயத்தைக் கவனித்து எழுதினார். தெருவிளக்கை ஒட்டிய கிளைகளில் இலைகள் உதிராமல் அதிக நாள் நின்றன. அதே மரத்தில் விளக்குப் படாத பக்கம் உரிய காலத்தில் உதிர்ந்துவிட்டது. விளக்கு வெளிச்சத்தைப் பகலென்று மரம் எடுத்துக்கொண்டது. ஒவ்வோர் இலைக்கும் விழும் நாளை ஈசன் எழுதிவைத்திருக்கிறான் என்றால், நகரசபை போட்ட ஒரு தெருவிளக்கு அந்த எழுத்தை எப்படி அழித்தது? ஒரு விளக்குக்கு முன் நிற்க முடியாத விதி, மனிதனுடைய முயற்சிக்கு முன் எப்படி நிற்கும் என்று கேட்கிறோம்.

அந்த விளக்கிலேயே இன்னொரு கதையும் இருக்கிறது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் ஐரோப்பிய நகரங்களில் தெருவுக்கு வாயு விளக்கு வைத்தார்கள். குழாய் கசிந்த இடங்களில் நின்ற மரங்கள் பருவமில்லாமல் இலையைக் கொட்டின. நம் ஊராயிருந்தால் தெருவுக்குத் தோஷம் என்று சொல்லி ஹோமம் வளர்த்திருப்பார்கள். ருஷியாவில் நெல்யுபோவ் என்ற மாணவர், விளக்கு வாயுவில் முளைப்பயிர் கோணலாக வளருவதைக் கண்டு, அந்த வாயுவிலுள்ள எது இதைச் செய்கிறதென்று தேடி, அது எத்திலீன் என்று 1901-ல் வெளியிட்டார். பிறகு, பழமும் செடியும் தாமே அந்த வாயுவை உண்டாக்குகின்றன என்பதும் வெளிப்பட்டது. நம் வியாபாரிகள் புகை மூட்டம் போட்டு வாழைத்தாரைப் பழுக்க வைப்பதும் புகையிலுள்ள இதே வாயுவினால்தான். பழம் பழுப்பதும் இலை கழலுவதும் ஒரே வாயுவின் வேலை என்று தெரிந்தது, ஹோமத்தினாலா, ஆராய்ச்சியினாலா?

ஆராய்ச்சிக்காரர்களும் தவறு செய்யாதவர்களல்ல. 1963-ல் அமெரிக்காவில் அடிக்காட் என்பவரும் அவரோடு உழைத்தவர்களும் இளம் பருத்திக் காய்களிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, உதிர்வதற்கு இதுவே காரணமென்று கருதி, உதிர்வைக் குறிக்கும் பெயரையே அதற்கு வைத்தார்கள். பின்னால் வந்த பரீட்சைகளில், அந்தப் பொருளின் முக்கிய வேலை வறட்சியில் இலைத் துளைகளை மூடுவது என்றும், உதிர்ப்பதில் பெரிய பங்கு எத்திலீனுக்கே என்றும் ஏற்பட்டது. பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது, கருத்தைத் திருத்திக்கொண்டார்கள். சாஸ்திரத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். பரீட்சை தவறென்று காட்டினால் விஞ்ஞானி பழைய கருத்தை விட்டுவிடுகிறான். சாஸ்திரியோ பரீட்சை செய்தவனை நாஸ்திகன் என்கிறான்.

இதெல்லாம் தெரிந்து நமக்கு என்ன லாபம் என்றால், லாபம் கையில் எண்ணக்கூடியதாகவே இருக்கிறது. பங்குனியில் மொட்டையாக நிற்கிற மரத்தைப் பட்ட மரமென்று நினைத்து விறகுக்கு விலை பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி வெட்டுமுன் ஒரு சிறு கிளையின் பட்டையை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் இருந்தால் மரம் உயிரோடு இருக்கிறது, சித்திரையில் தளிர்க்கும். ஒரு விநாடி நகவேலை, அறுபது வருஷத்து நிழலைக் காப்பாற்றும். மதுரைக்குக் கடம்பவனம் என்று பழம்பெயர். மீனாட்சி கோயிலில் பட்டுப்போன பழைய கடம்பின் அடிமரத்தைப் பாதுகாத்து வைத்து இன்றும் வணங்குகிறார்கள். பட்ட மரத்துக்குக் கும்பிடும், உயிருள்ள மரத்துக்குக் கோடாலியும் என்றால் இது என்ன நியாயம்?

இன்னொன்று, பருவத்து உதிர்வுக்கும் நோய்க்கும் வித்தியாசம் தெரிய வேண்டும். மாசி பங்குனியில் இலை மஞ்சளாகிச் சுத்தமாக விழுந்தால் பயமில்லை. மழைக்காலத்தில், பச்சையாயிருக்க வேண்டிய வேம்பின் நுனிக்கிளைகள் தீப்பட்டதுபோல் கருகினால் அது நோய். 2021-ல் தெலங்கானாவில் வேப்ப மரங்கள் பெருவாரியாக இப்படிக் கருகின. கிளை நுனியைத் தாக்கும் ஒரு பூஞ்சையும், சாறு உறிஞ்சும் தேயிலைக் கொசு என்ற பூச்சியும் வேம்பை இவ்வாறு கருக்குகின்றன. அதைக் கண்டால் கருகிய கிளையை வெட்டி அப்புறப்படுத்தி, விவசாய அதிகாரியிடம் காட்ட வேண்டுமேயல்லாமல், மஞ்சள் துணி கட்டிக் கூழ் காய்ச்சுவதால் பூஞ்சை போய்விடாது.

சாமிக்குக் குறை என்கிற பேச்சும் இப்படித்தான். அரசமரத்தைச் சுற்றி மேடை கட்டி, பிள்ளையாரை வைத்து, அடிமரத்தை நெருக்கிச் சிமெண்டு பூசிவிடுகிறார்கள். பெய்த மழையும் காற்றும் வேருக்குப் போக வழியில்லை. மரம் பருவமில்லாமல் இலையைக் கொட்டினால் சாமி குற்றம் என்கிறார்கள். குற்றம் சிமெண்டினுடையது. டில்லியில் மரத்தடியைச் சுற்றி 1 மீட்டர் தூரத்துக்குச் சிமெண்டை எடுத்துவிட வேண்டுமென்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-ல் உத்தரவிட்டது. மதுரைத் தெருக்களிலும் நம் ஊர்களிலும் அதைச் செய்ய எந்த உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டும்? ஒரு கடப்பாரையும் ஒரு காலை நேரமும் போதாதா?

கடைசியாக, விழுந்த சருகைப் பற்றி. மரம் பாதிச் சத்தை எடுத்துக்கொண்டு மீதியை மண்ணுக்கு விடுகிறது. அதைக் கூட்டிக் குவித்துத் தெருவிலேயே தீ வைத்து, குழந்தைகளும் கிழவர்களும் இருமும்படி புகை விடுகிறோம். குப்பையை வெளியில் எரிக்கக்கூடாதென்று 2016-லேயே விதி ஏற்பட்டும் தீ நின்றபாடில்லை. பிறகு அதே சத்தை மூட்டை மூட்டையாகக் காசு கொடுத்து வாங்கி வயலில் கொட்டுகிறோம். ஒரு குழி வெட்டிச் சருகைப் போட்டுச் சாணிநீர் தெளித்தால் எரு தானே ஆகிறது. மரத்துக்கிருக்கிற சிக்கன புத்தி மனிதனுக்கு வேண்டாமா?

ஆகவே தோழர்களே, இலை உதிர்வது காற்றின் செயலுமல்ல, சாமியின் செயலுமல்ல, எழுதிவைத்த விதியுமல்ல. தண்ணீர் இல்லாத காலத்தைத் தாண்டிப் பிழைப்பதற்காக மரம் செய்கிற செயல். அறிவில்லாத மரமே கஷ்ட காலத்தைத் தலைவிதி என்று ஏற்றுக்கொள்ளாமல் தன்னால் ஆனதைச் செய்து தளிர்க்கிறதென்றால், ஆறறிவு உண்டென்று சொல்லிக்கொள்ளும் நாம் உதிர்ந்த இலையைக் காட்டி நம்மை அடங்கிக் கிடக்கச் சொல்லுகிறவனுக்குத் தலையாட்டலாமா? அடுத்த தடவை புராணிகர் அந்த உதாரணத்தை எடுத்தால், "ஐயா, ஒடிந்த கிளையில் இலை ஏன் விழவில்லை?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அவர் என்ன பதில் சொல்லுகிறார் என்பதை ஊராரும் கேட்கட்டும்.